முனைவரை மரம்

வெஸ்ட் ஈலிங்
9 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கச்சி பிரியந்தி வீட்டில் சுகமாக இருக்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ஃபிரிட்ஜில் இருக்கும் மீன்குழம்பை இனித் தொடவேண்டாம், பழுதாகியிருக்கும். போனை எடுப்பதில்லை என்று கோபிக்காதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

"சாமான் வந்திட்டுது, கெதியா வந்து பார்" என்று அன்றைக்கு நீங்கள்தானே சொன்னீர்கள். நாம் ஓடர் பண்ணிய புதுக் கட்டில் என்று நினைத்து, பொலித்தீன் வெட்டக் கத்திரிக்கோலோடு மேலே ஓடி வந்தேன். ஊரில் சண்டைக் காலத்தில் இயக்கப் பெடியள் துவக்கைத்தான் சாமான் என்பார்கள் என்பதை மறந்தே போனேன். கதவைத் திறந்தால், மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முனை கதவுப் பக்கம். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். குண்டு இல்லை, வெறும் துவக்கு என்றீர்கள். அது என் கால்களுக்கு விளங்கவில்லையே, அத்தான். படியில் எப்படி இறங்கினேன் என்றே தெரியாது.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களுக்கு நான் பயந்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறது. அதை விற்றுவிடுங்கள், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுவேன். வீடுகளுக்குக் குசினி அலுமாரி செய்து பூட்டும் உங்களுக்கு அது எதற்கு? எனக்கு விளங்கும்படி எழுதுங்கள்.

உங்கள்
ஈஸ்வரி


குட்மேய்ஸ்
14 மார்ச் 2025

என் ஈஸ்வரிக்கு,

மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. நீ இல்லாத வீடுதான் வாய்க்கு ருசிக்கவில்லை.

எதற்கு என்று கேட்டாய். நான் குசினி பூட்டிக் கொடுத்த பண்ணைக்காரர், மான்கள் பயிரை அழிக்கின்றன, வந்து சுடு என்று கூப்பிட்டார். தொடக்கம் அதுதான். உண்மையைச் சொன்னால் மானைச் சுடவே வேண்டாம், இதை வைத்திருந்தாலே போதும். மற்றத் துவக்குகளில் மரம் பாதியில் நின்றுவிடும், மிச்சமெல்லாம் இரும்புக் குழாய். இதில் முனைவரை வோல்நட் மரம். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு தாள்கூடப் போகாது. எத்தனை அலுமாரி செய்திருப்பேன், அப்படி ஒரு பொருத்து என் கைக்கு வந்ததில்லை. கன்னத்தில் வைத்தால் குளிராது.

இதையும் சொல்கிறேன். வாலிபத்தில், ஊரில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் துவக்கு முனையை என் கழுத்தில் வைத்தான். வைத்தபடியே என்னை மறந்துவிட்டு, பக்கத்தில் நின்றவனோடு கிரிக்கெட் கதைத்தான். அந்த இரும்பின் குளிர் இதைத் தூக்கும்போது மட்டும்தான் போகிறது. முதல் தடவையாக நான் துவக்கின் இந்தப் பக்கம் இருக்கிறேன். அது என்ன சுகம் என்று உனக்குத் தெரியாது.

விற்க மாட்டேன். லைசென்சுக்கு விசாரிக்க வந்த பொலிஸ்காரர் உன்னைக் கேட்டபோது, "நோ ப்ரொப்ளம், சேர்" என்று நீதானே சொன்னாய்? தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தாய். இப்போது மட்டும் என்ன வந்தது? கட்டிலும் வந்துவிட்டது. பிடிவாதத்தை விட்டுவிட்டு வா.

செல்வரத்தினம்


வெஸ்ட் ஈலிங்
26 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அந்தக் கழுத்தை எத்தனை தடவை தடவியிருப்பேன், ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லையே. ஆனால் நீங்கள் துவக்கின் இந்தப் பக்கம் என்றால், அந்தப் பக்கத்தில் யார்? அந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான்.

"நோ ப்ரொப்ளம்" சொன்னேன்தான். பிரியந்தியும் அதையே கேட்டாள்: "ஏன் அக்கா அப்ப பிரச்சினை இல்லை எண்டு சொன்னனீங்கள்?" அவளுக்குச் சொன்னேன், "யூனிபோம் போட்டவன் கேட்டால் என்ர வாய் வேற என்னத்தையடி சொல்லும்?" பிரச்சினை இருக்கா, யாரையும் தெரியுமா, வீட்டில் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று ஊரில் எத்தனை பேர் எங்களைக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதானே உயிர் தப்பினோம். லைசென்சுக்கு வந்த அந்தப் பொலிஸ்காரர் நல்ல மனிதர். என் பதிலை அப்படியே நம்பிவிட்டார்.

நேற்று அவருக்குப் போன் எடுத்தேன். மணி அடிக்கத் தொடங்கியதும் இரண்டு தடவை வைத்துவிட்டேன். பிறகு சொன்னேன்: அன்று நான் சொன்னது சரியில்லை, எனக்கு என் மனிசனைக் கண்டால் பயம். பொலிசுக்கு 'ஓம், பிரச்சினை இருக்கு' என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரித்தான் இருக்கிறது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதை எடுத்துப்போக வருகிறார்களாம். உங்களுக்கும் அறிவிப்பார்களாம். அதன் பிறகு நான் வரலாமா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இப்போது எனக்கு வேறு பயம் பிடித்துவிட்டது. அவர்களும் துவக்கோடு வரலாம். வீட்டில் ஒரு துவக்கு இருக்கிறது என்று தெரிந்துதான் வருவார்கள். வெள்ளிக்கிழமை மேல் அறைக்குப் போகாதீர்கள். துவக்கைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள், அதன் திறப்பை மேசையில் வைத்துவிடுங்கள். பெல் அடித்ததும் மெதுவாகப் போய்க் கதவைத் திறவுங்கள். போன்கூடக் கையில் வேண்டாம், அத்தான். இரண்டு கையும் அவர்களுக்குத் தெரியும்படி நில்லுங்கள்.

ஈஸ்வரி