மில்லுக்காரர் எந்தக் கட்சி

அண்ணே,

உங்கள் மில்லிலிருந்து திரும்பி வந்து, சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முந்தானை முழுக்க மிளகாயும் மல்லியும் அரைபட்ட நெடி. தும்மிக்கொண்டேதான் எழுதுகிறேன். முன்பெல்லாம் இந்த நெடி மூக்கில் ஏறும்போதே உங்கள் குரலும் கூட வரும். யார் எதைச் சொன்னாலும், "அது சரி, இதுல உனக்கு என்ன?" என்று கேட்பீர்களே, அந்தக் குரல். இப்போது நெடி மட்டும்தான் வருகிறது.

மறுபடியும் தேர்தல் வருகிறது. வில்லாபுரத்தில் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் வரிசை என்று எங்கே நின்றாலும் அதே பேச்சு. மில்லில் கேட்கவே வேண்டாம். உங்கள் ஸ்டூலில் இப்போது உங்கள் மகன் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு உங்கள் மேல் ஒரு கோபம் இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தால் நேரில் வந்து கேட்டிருப்பேன், நீங்களும் மழுப்பியிருப்பீர்கள். அதற்கு வழியில்லாமல் போனதால்தான் இந்த மடல்.

இட்லிப் பொடியும் குழம்புப் பொடியும் அரைத்து வீடு வீடாக விற்கிற எனக்கு, உங்கள் மில்தான் பாதி வீடு. மாவு மில்லில் டின்னை வரிசையில் வைத்துவிட்டால் அப்புறம் வாய்க்கு மட்டும்தான் வேலை. தேர்தல் நேரத்தில் அந்த வாய்கள் எப்படிப் பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோதுமை டின்னோடு வருகிற ஓய்வுபெற்ற கண்டக்டர்தான் ஆரம்பித்து வைப்பார்.

"நாடு எங்கயோ போயிருச்சுய்யா. பெரிய பெரிய நாட்டையெல்லாம் தாண்டிட்டோம்னு டிவியில சொல்றான்."

"எங்க போச்சுன்னு சொன்னா நாங்களும் அங்கிட்டு வருவோம்ல" என்பார் ஆட்டோக்காரர். "கேஸ் வெலை, எண்ணெய் வெலை, மிளகா வெலைதான் எல்லாத்தையும் தாண்டிருக்கு. எங்க சவாரி மட்டும் அங்கனயே கெடக்கு."

நான் சும்மா இருப்பேனா? "பொம்பளைக கையில மாசாமாசம் நாலு காசு வருதுல்ல, அதையும் சொல்லுங்க" என்று நுழைவேன். என் கட்சி எது என்பது தெருவுக்கே தெரியும். நான் ஒளித்ததே இல்லை.

"ஆம்பளைக சாராயக் கடையில குடுக்குறதத்தான் பொம்பளைக கையில குடுக்குறாய்ங்க. இதுல என்னத்த பெருமை?" என்பார் கண்டக்டர். அவ்வளவுதான், பற்றிக்கொள்ளும்.

நீங்கள் மட்டும் எந்தப் பக்கமும் சாய மாட்டீர்கள். எல்லாரையும் சந்தேகப்படுவீர்கள், அதில் மட்டும் பாகுபாடே கிடையாது. ஒருமுறை கண்டக்டர் கருத்துக் கணிப்பு ஒன்றைப் பேப்பரில் காட்டி, இன்னார்தான் ஜெயிக்கிறார் என்று அடித்துச் சொன்னார். நீங்கள் மாவுக் கையைத் தட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "உங்ககிட்ட கேட்டாய்ங்களா? இல்ல. தாயி, உன்கிட்ட? இல்ல. என்கிட்டயும் கேக்கல. அப்ப யாருகிட்டத்தான் கேட்டாய்ங்க?" அந்தப் பேப்பரை அவர் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கு வீடு இலவசமாக மிக்சியும் கிரைண்டரும் கொடுத்த காலத்தில், இது உங்கள் மில்லை மூடவைக்க எவனோ போட்ட திட்டம் என்று பல நாள் புலம்பினீர்கள். நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டு உள்ளே வந்தால் நீங்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. கையெடுத்துக் கும்பிட்டு, "உக்காருங்கண்ணே, ஒரு நிமிசம்" என்று சொல்லி மிளகாய் மிஷினின் ஸ்விட்சைப் போட்டுவிடுவீர்கள். அந்தச் சத்தத்தில் வந்தவர் பேசுவது அவருக்கே கேட்காது. கொஞ்ச நேரத்தில் இருமல் வரும், கண்ணில் தண்ணீர் வரும், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். நோட்டீஸ் மட்டும் எடைத் தராசின் மேல் கிடக்கும். எந்தக் கட்சி வந்தாலும் இதே மரியாதைதான், என் கட்சிக்கும் சேர்த்து.

அப்படிப்பட்ட நீங்கள் ஒரு மத்தியானம், என் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தபோது, குனிந்து என் காதருகில் சொன்னீர்கள்.

"தாயி, உனக்கு மட்டும் சொல்றேன். நானும் உங்க ஆளுதான். வெளிய சொல்லிறாத."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா அண்ணே? ஊரையே நம்பாத மனிதர் என்னை நம்பிவிட்டார் என்று தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் என் கட்சியைக் கிண்டல் செய்யும்போதெல்லாம், இது வெளிவேஷம் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். என் வீட்டுக்காரரிடம்கூட அதைச் சொல்லவில்லை. அத்தனை வருஷமும் அந்த ரகசியத்தைப் பத்திரமாகக் காத்தேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, மில்லைத் திறக்கப் போன நீங்கள் வாசலிலேயே சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் உங்களை ஐஸ் பெட்டியில் வைத்து, தெருவில் பந்தல் போட்டாகிவிட்டது. எங்கள் கட்சி வட்டச் செயலாளர் ஆள்களோடு வந்தார். மாலை போட்டார். கரை போட்ட கட்சித் துண்டை விரித்து உங்கள் பெட்டியின் மேல் போர்த்தினார். அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த நேரத்திலும் ஒரு நிம்மதி. இனி ஒளிக்க வேண்டியதில்லை, அண்ணன் எங்கள் ஆள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த கட்சிக்காரர் வந்தார். அவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது.

"என்னங்க இது, நம்ம ஆளு மேல அவிய்ங்க துண்டு கெடக்கு?" என்றார். "அண்ணன் நம்ம கட்சிங்க. எனக்கு மட்டும் சொன்னாரு, வெளிய சொல்லாதன்னு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் வேறொரு கட்சி என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கூட்டத்தில் நின்றபடி, "ரெண்டு பேரும் சும்மா இருங்கண்ணே. அவரு யாருன்னு எனக்குத் தெரியும். என் ஆட்டோவுல வரும்போது அவரே சொன்னாரு" என்றார். உங்கள் தலைமாட்டிலேயே சத்தம் ஏறியது. யார் துண்டு மேலே, யார் துண்டு கீழே என்று இழுபறி. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடினேன். யார் முகத்திலும் பொய் இல்லை, என்னைப் போலவே ஏமாந்த முகங்கள். கடைசியில் உங்கள் வீட்டம்மா, என் மதினிதான் எழுந்தார். தலைமுடி அவிழ்ந்தது அவிழ்ந்தபடி வந்து, எல்லாத் துண்டையும் ஒன்றாகச் சுருட்டி அவரவர் கையில் திணித்தார்.

"அவரு மில்லுக்காரரு. அம்புட்டுத்தான். கெளம்புங்க" என்றார்.

காரியம் முடிந்த பிறகு மதினியிடம் கேட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் எனக்குத் தூக்கம் போயிருந்தது. "மதினி, அண்ணே நெசமாவே யாருக்குத்தான் போட்டாரு?"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்க அப்பாரு கட்சிக்குத்தான் போடுறேன்னு கல்யாணமான நாள்லேர்ந்து என்கிட்ட சொல்லிட்டிருந்தாரு. உனக்கு என்ன சொன்னாரு?"

சொன்னேன். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். அதன் பிறகுதான் உசிலம்பட்டிக்கு மேற்கே நீங்கள் மில் வைத்திருந்த ஊரைப் பற்றிச் சொன்னார். உங்கள் வாயிலிருந்து ஒரு நாளும் வராத கதை.

அந்த ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது, நீங்கள் ஒருவருக்காக வெளிப்படையாக ஓட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அவர் தோற்றுப்போனார். ஜெயித்தவர் பக்கம் நின்ற தெருக்காரர்கள் உங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. எதிரே வந்தால் சிரித்திருக்கிறார்கள். தானியத்தை மட்டும் உங்கள் மில்லுக்குக் கொண்டுவரவில்லை. உங்கள் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்பு. கேப்பை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, உங்கள் கண்முன்னே பஸ் ஏறி உசிலம்பட்டிக்குப் போய் அரைத்து வந்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் நீங்கள் யாருக்காக ஓட்டுக் கேட்டீர்களோ அந்தப் பக்கத்தாரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜெயித்தவர்கள் பார்த்துவிட்டால் வம்பு என்ற பயம்.

"சண்டை போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பாரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல பாரு, அதத்தான் அவரால தாங்க முடியல" என்றார் மதினி. "வெறும் மிஷினை ஓடவிட்டு உக்காந்திருப்பாரு, மில் ஓடுதுன்னு ஊருக்குத் தெரியணும்னு. பெறகுதான் மிஷினைக் கழட்டி லாரியில ஏத்திக்கிட்டு இங்க வந்தோம். பய அப்பக் கைக்குழந்தை. அவன்கிட்ட இதச் சொல்லிறாத தாயி. அந்த ஊருப் பங்காளிகளோட இப்பத்தான் ஒட்டிக்கிட்டு, மாசியில குலசாமி கும்பிடப் போய் வந்துட்டிருக்கான். தெரிஞ்சா அங்க போய் மல்லுக்கு நிப்பான்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவு உங்கள் மேல் பரிதாபம் வந்தது. விடிந்ததும் பரிதாபம் போய்க் கோபம் வந்தது. ஊருக்குப் பயந்து மற்றவர்களிடம் அப்படிச் சொன்னீர்கள், சரி. என்னையும் அந்த ஊரோடு சேர்த்துத்தான் பார்த்தீர்களா? உங்கள் ஓட்டு எங்கே என்று தெரிந்தால், நானும் டின்னைத் தூக்கிக்கொண்டு வேறு மில்லுக்குப் போய்விடுவேன் என்று நினைத்தீர்களா?

இந்தக் கோபத்தோடுதான் மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். போன வாரம் மதினியிடமிருந்து போன், உடனே வரச் சொல்லி. போனால், மில்லின் வெளிச்சுவரில் ஒருவர் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் எங்கள் வட்டச் செயலாளர் நிற்கிறார். தேர்தல் தேதி அறிவிப்பதற்குள் சுவரைப் பிடித்துவிட வேண்டுமாம். சின்னம் வரையப் போகிறார்கள், என் கட்சிச் சின்னம்தான். உங்கள் மகனே சம்மதித்திருக்கிறான். மதினி வாசல்படியில் ஒடுங்கிப்போய் நின்றுகொண்டிருந்தார். "நீ சொன்னாக் கேப்பான்" என்றார் என் கையைப் பிடித்து.

மற்ற நாளாக இருந்தால் வண்ண டப்பாவை நானே பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அவனை உள்ளே கூப்பிட்டேன்.

"மாப்ள, சுவத்துல ஒண்ணும் வேணாம்டா."

"என்ன அத்தை, நீங்களே இப்படிச் சொல்றீக? நம்ம கட்சிதானே?" என்றான். "எங்க அப்பா பயந்து பயந்து ஒளிச்சாரு. அவரு யாருன்னு எனக்குத் தெரியும். நானும் உங்க அத்தை கட்சிதான்டா, வெளிய சொல்லிறாதன்னு என்கிட்ட சொல்லியிருக்காரு. அவரு செய்ய முடியாதத நான் செய்றேன். அவருக்கு நான் செய்ற மரியாதை அது."

மகனிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா எல்லாரிடமும் இப்படித்தான் சொன்னார் என்று போட்டு உடைத்திருக்கலாம். உசிலம்பட்டிக் கதையைச் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பா தன்னிடம் மட்டும் மனசைத் திறந்தார் என்கிற பெருமை அதில் அப்படியே இருந்தது. அந்தப் பெருமையோடு எத்தனை வருஷம் நானும் அலைந்தேன் என்று எனக்குத்தானே தெரியும்.

"ஆமாடா, நம்ம ஆளுதான்" என்றேன். "என்கிட்டயும் சொன்னாரு. கூடவே இன்னொண்ணும் சொன்னாரு. என் காலத்துக்குப் பெறகும் மில்லு சுவத்துல யாரு பேரும் வரக் கூடாது, நீதான் பாத்துக்கணும்னு சொன்னாரு. நான் சரின்னுட்டேன். இப்ப நீ வரைஞ்சா, செத்தவருகிட்ட நான் என்ன சொல்றது?"

நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நானாகக் கட்டியது. உங்கள் மகன் வெளியே போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வட்டச் செயலாளர் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "ஏக்கா, அந்தப் பக்கம் எம்புட்டுக் குடுத்தாய்ங்க?" வெள்ளையடித்தவரும் சிரித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கேள்வி தெருவெல்லாம் சுற்றி, எனக்கு முன்பே மில் வரிசைக்கு வந்துசேர்ந்துவிட்டது. இன்றைக்கு நான் போய் டின்னை வைத்ததும் கண்டக்டரும் ஆட்டோக்காரரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நாளைக்கு என் பொடி வாங்குகிற வீடுகளில் எத்தனை கதவு திறக்கும் என்று தெரியவில்லை. மதினிக்குக் கொடுத்த வாக்கால், யாரிடமும் ஒன்றையும் விளக்கவும் முடியாது; சொன்னால் உங்கள் மகன் காதுக்குப் போய்விடும்.

அதைக்கூட நான் சுமந்துவிடுவேன் அண்ணே. எனக்கு வாய் இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன். நம்ம ஆளுதான் என்று உங்கள் மகனிடம் சொன்னேனே, அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது. ஊரில் ஒருத்தரையும் நம்பாத நீங்கள், என்னை ஒருத்தியையாவது நம்பினீர்களா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை நாள் தவித்தேன். அது தெரியாமலேயே உங்கள் மகனை நம்பவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.