கப்பலுக்குச் சம்பந்திகளைக் கூட்டிப் போ

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நான் சுகம், அப்பாவைப் பற்றிப் பிறகு வருகிறேன், அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாதே. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். எங்கள் இருவருக்கும் ஒரே போன், நான் பேசினால் அப்பா என் தோளுக்குப் பின்னால் காதை நீட்டிக்கொண்டு நிற்பார், நீ அனுப்பும் செய்தியை எனக்கு முன்னால் அவர் படித்துவிடுவார். இரண்டு ஞாயிறாக உனக்கு லைன் கிடைக்காததற்குக் காரணமும் நான்தான், போன் பழுது என்று சொல்லி அலமாரியின் மேல்தட்டில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், கடைக்காரர் வாயாடி, எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ ஆசையாகப் பதிவு செய்த கப்பல் பயணத்துக்கு நானும் அப்பாவும் வரவில்லை. எங்கள் இடத்தில் உன் மாமனார் மாமியார் பெயரைப் போட்டுக்கொள். நீயாகவே எங்களைக் கழற்றிவிட்டு அவர்களைக் கூட்டிப் போகிறாய் என்று அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது.

குதிக்காதே, காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் பயணத் திட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை, எப்படியும் நீ போகத்தான் போகிறாய். முப்பத்தொரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து வந்த விண்ணப்பங்களில் பாதியைத் திருப்பி அனுப்பியவளுக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டு இப்படி ஒரு திட்டம் போட்டிருக்கிறாயே, பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கப்பல் நாலு மணிக்குக் கிளம்புகிறது, இரண்டரைக்கே ஏறுகிற வாசலை மூடிவிடுவார்கள், நீ அன்றைக்குக் காலை பதினோரு மணிக்குத்தான் போய் இறங்குகிறாய். அதுவும் நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும், அதற்கு எழுபது நிமிடம், கைக்குழந்தையோடு. மூன்று மணி நேரம் தாமதமானால் கப்பல் போய்விடும். நீ வாங்கியிருக்கும் பாலிசியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால்தான் அது தாமதம். இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் துறைமுகத்தில் நின்று கப்பலுக்கு டாட்டா காட்ட வேண்டியதுதான், ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். என்னிடம் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் இதே கதையோடு வந்தார்கள், பதினொரு வருடம் சேர்த்து வைத்துக் கிளம்பிய பயணம், விமானம் ஐந்து மணி நாற்பது நிமிடம் தாமதம். இருபது நிமிஷம்தானே மேடம், கொஞ்சம் பாத்துப் போடுங்க என்றார் அந்த மனிதர். அந்த அம்மாள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் நிராகரித்து முத்திரை குத்தினேன், மதியம் வயிறாரச் சாப்பிட்டேன். அதனால் முந்தின நாளே போய் இறங்கித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அறை எடு. விமானம் தாமதமானால் கவுண்டரில் நேரமும் காரணமும் எழுதி வாங்கு, அவர்கள் வாயால் சொல்வது எதற்கும் உதவாது. மாத்திரைகளைக் கைப்பையில் வை. உன் மாமியார் தனக்கு ஒரு நோயும் இல்லை என்றுதான் சொல்வார், அதை நம்பிப் படிவத்தை நிரப்பாதே, அவர் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து நிரப்பு.

இனி அப்பா. எழுபது தாண்டியவர்கள் உடல் தகுதிக்கு டாக்டர் சான்று தர வேண்டும் என்று நீ அனுப்பிய காகிதத்தில் இருந்ததே, அதற்காகத்தான் போனோம். சும்மா ஒரு சடங்குக்கு என்று நினைத்துப் போனது, ஸ்கேன் வரைக்கும் போய்விட்டது. முடிவு வந்த அன்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அப்பா வெளியே ஆஸ்பத்திரி லிஃப்டின் முன்னால் நின்று அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த பழக்கம். கணையத்தில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, அறுப்பதற்கு ஒன்றுமில்லை, நாலு மாதம், மிஞ்சினால் ஆறு என்றார் டாக்டர். நான் வெளியே வந்தபோது அப்பா, கயிறு தேஞ்சு கெடக்கு, ஒருத்தனும் பாக்க மாட்டேங்கறான், என்னைக்காவது அறுந்து விழப்போகுது என்று அந்த லிஃப்டைப் பற்றிப் புலம்பினார். வயிற்றில் புண், மருந்தில் ஆறிவிடும் என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன். உன் சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இப்படி ஏதாவது வந்தா எங்கிட்ட சொல்லிடாதே, தெரிஞ்ச அன்னைக்கே நான் செத்துடுவேன் என்று கெஞ்சினார். அவர் அதை மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

மறைத்து ஏற்றிவிடலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் ஒரு நாள் முழுக்கத் தோன்றியது. நடுக்கடலில் அவருக்கு வலி வந்து கப்பலை விட்டு இறக்கினால் அந்தச் செலவுக்கு நீ விண்ணப்பம் போடுவாய், அங்கேயும் என்னைப் போல ஒருத்தி மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள், பத்தே நிமிடத்தில் இந்த ஸ்கேனைக் கண்டுபிடித்துவிடுவாள். சரி, பயணத்தை ரத்து செய்து இழப்பீடு கேட்போம் என்றால் நமக்கு நியாயமாகவே கிடைக்கும், பாலிசி எடுத்த பிறகு தெரியவந்த நோய். ஆனால் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் நோயின் பெயரை எழுதி அதற்குக் கீழே நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். கரண்ட் பில்லின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற மனுஷர் உன் அப்பா. அவர் கையெழுத்தை நானே போட்டுவிடலாம், அப்படிப் போட்டவர்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன், என் கை ஓடவில்லை. எங்கள் விமான டிக்கெட் பணம் போனது போனதுதான், அதற்காக என்னிடம் மூக்கைச் சிந்தாதே.

லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருடம் போகலாம் என்று மென்மையாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்பாய். சொன்னால் அடுத்த வருடத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். டாக்டரிடம் போய் அடுத்த வருஷம் கப்பலேறலாமா என்று கேட்பார், அந்த டாக்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கோபத்தில் இருந்தால் ஒன்றும் கேட்க மாட்டார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் கொடுக்கிற மருந்தை விழுங்குவார். அதனால்தான், போன் பழுதாவதற்கு முன்னால் நீ என்னிடம் சொன்னதாக, அந்த மாமனார் வீட்டுக் கதை. ஆனால் லேசில் நம்பினார் என்று நினைக்காதே. எம்புள்ள அப்படிச் செய்ய மாட்டான், நீ எதையோ தப்பா புரிஞ்சுக்கிட்டே என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். அரை மணி நேரம் ஆனது எனக்கு. ஒன்பது வருடத்தில் நீ இரண்டே தடவை வந்ததைச் சொன்னேன், உன் மாமனாருக்கு நீ கார் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன், நான் கட்டிவிட்ட கதையெல்லாம் அந்த உண்மைகளின் மேல்தான். அதற்கப்புறம்தான் நம்பினார். கப்பலில் வழுக்கக் கூடாது என்று வாங்கிய ரப்பர் அடி ஷூவை இரண்டு வாரமாக வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகிக்கொண்டிருந்தார், அதைக் கழற்றித் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். போகட்டும் விடு, அவனுக்கு இனிமே அவங்கதான் என்றார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்கூட இருந்தது. நீ காலேஜ் போன நாளிலிருந்து உன்னைப் பற்றி நான் ஒரு குறை சொன்னால் உனக்காக வரிந்து கட்டிக்கொண்டு வருவார், முதல் தடவையாக என் பக்கம் நின்றார். அந்த சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது. அவர் உன் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து, கண்ணாடி உடையாமல் பழைய துண்டில் சுற்றி வைப்பதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. விமானம் பிடித்து ஓடி வராதே. அடிக்கடி வருகிற பிள்ளையாக இருந்தால் அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது, வா என்று நானே கூப்பிடுவேன். நீ மூன்றாம் தடவையாகத் திடீரென்று வாசலில் வந்து நின்றால் அப்பாவுக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிடும். இது நான் உனக்குப் போடுகிற தண்டனை என்று நினைத்தால் நினைத்துக்கொள், இந்த நிலைமையை உண்டாக்கியவள் நான் இல்லை. மருமகளிடம் சொல்லாதே, நல்ல பெண், அவள் முகத்தில் எதுவும் தங்காது. கப்பலில் மாமனார் தோளில் கை போட்டுச் சிரித்தபடி படம் எடுத்து அனுப்பு, ஒன்றுக்கு நாலாக அனுப்பு, அப்பா பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போனதும் எடுத்துப் பார்ப்பார். கொடுமைக்காரி என்று என்னைத் திட்டிக்கொள், திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். வலி வருகிற நேரத்தில் அவர் என் முகத்தைத்தான் பார்க்கிறார், புண்தானே என்று கேட்கிறார், புண்தான் என்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், குழந்தைக்கு என் முத்தம், குளிரில் அவனுக்குக் காதை மூடு. ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் சரியாகிவிட்டது என்று எடுத்துக் கொடுப்பேன், அப்பா உன்னைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசுவார். நீ வழக்கம்போல எதிர்த்துப் பேச வேண்டும், என் பணம், நான் யாரை வேண்டுமானாலும் கூட்டிப் போவேன் என்று கத்த வேண்டும். தழுதழுத்தாயோ, மன்னிப்பு கேட்டாயோ, கண்டுபிடித்துவிடுவார். இந்தக் கோபம் இறங்காது, அநேகமாக அவர் உன்னோடு பேசுவது அதுதான் கடைசியாக இருக்கும், நீ முதலில் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா