டார்லின் பங்கு

பாளையங்கோட்டை
ஞாயிறு மத்தியானம்

பிரியமுள்ள மகள் டார்லினுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. சிங்கப்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வாரமாக நான் போனில் பேசவில்லை என்று அம்மாவிடம் அழுதாயாம். எனக்கும் சோறு இறங்கவில்லை, வீம்புதான் விடவில்லை. உன் ஆஸ்பத்திரியில் மேல்பயிற்சிக்கு இருந்த ஒரே இடம் உனக்கு வந்தது, நீயோ உன்னோடு வேலை பார்க்கும் மேலப்பாளையத்து முஃபீதாவின் முறை எனக்கு முன்னால் இருக்கிறது, அவள் பெயரை விட்டுவிட்டீர்கள் என்று போய்ச் சொல்லி விட்டுக்கொடுத்துவிட்டாய். கைக்கு வந்ததை விட்டுட்டு நிக்கியே பைத்தியக்காரி என்று கத்திப் போனை வைத்தேன். அதற்குள் உனக்குக் கிடைத்துவிட்டதாகச் சபை முழுக்கச் சொல்லியிருந்தேன், அந்த அவமானம் வேறு. பஸ் நிற்குமுன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடித்தே பழகியவன் நான். நாலு பேர் வரிசையில் நின்றால் எதற்கென்று கேட்காமல் ஐந்தாவதாக நிற்பேன், எங்கே நமக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்.

போன வாரம் நம் கோயிலில் அசன விருந்து. வழக்கம்போல் விடியுமுன் போய்ச் சோறு வாங்க வாளிகளை வரிசையில் வைத்தேன், எங்களுக்கு ஒன்று, பெங்களூரில் இருக்கும் உன் தம்பி பெனோவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. நீங்கள் ஊரைவிட்டுப் போய் ஆறு வருடமாகியும் உங்கள் பங்கை நான் விட்டதில்லை, அம்மாதான் அதை மூன்று நாள் சூடுபண்ணிவிட்டு மிச்சத்தைக் கொட்டுவாள். இந்தத் தடவை எங்கள் மூன்று வாளியும் நிறைந்தபின் பாதி வரிசையிலேயே அண்டா காலியாகிவிட்டது. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடியதும் இறங்கிவந்து நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஆவுடைத்தாய் வெறும் பாத்திரத்தோடு திரும்பினாள். இங்கன முன்னாலயே வந்து வைக்கணும்னு தெரியாதுக்கா என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், வீட்டில் அவள் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அம்மா உடனே உன் பெயர் எழுதிய வாளியைத் தூக்கி அவள் பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டாள். நான் பதறிப்போய், அது டார்லின் பங்குல்லா என்றேன். அவ இருந்தா இதத்தான செய்வா, அதுக்குத்தான அவகிட்ட பேசாம இருக்கீய என்றாள். பெனோ வாளியை நானே எடுத்து, ஆவுடைத்தாய்க்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தேன், மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு இஸ்ரவேல் அண்ணாச்சி, என்ன வே, மக பயிற்சிக்குப் போயிட்டாளா என்று கேட்டார். இல்ல அண்ணாச்சி, முறை வேற ஒருத்திக்கு, என் மகளே சொல்லி விட்டுக்கொடுத்துட்டா என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். உம்ம மகளா என்று அவர் நம்பாமல் பார்த்தார். ஆமா வே, என் மகதான் என்றேன். நீ நர்சிங் பாஸான அன்றுகூட உன் பெயரை அவ்வளவு பெருமையாக நான் சொன்னதில்லை, டார்லின்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மழையில் குடையில்லாமல் போகாதே, முஃபீதாவுக்கு எங்கள் அன்பைச் சொல். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன். அப்பா மேல் கோபம் இருந்தால் உடனே எடுக்க வேண்டாம், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன்.

உன் அன்பு அப்பா,
சா. அருமைநாயகம்