சந்தை வைத்தியரிடம் கண்ணைக் கொடுக்காதே

பூனா, ஜூலை 8, 1943

என் அன்னாளுக்குக் கர்த்தருடைய சமாதானம். நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா?

முதலில் ஒரு வெட்கக்கேடு. உன் எழுத்து எனக்குப் பிடிபடாமல், பட்டாளச் சமையலில் என்னோடிருக்கும் ஞானரத்தினத்திடம் வாசிக்கக் கொடுத்தேன். நீ என்னைக் “கிழட்டுக் கிடா” என்று எழுதியிருந்ததை, பட்டாளமே கேட்க வாசித்துவிட்டான்.

சிரிப்பு அடங்குவதற்குள் உன் இடது கண்ணில் புரை விழுந்த செய்தி வந்தது. ராஜபாளையம் சந்தைக்கு வரும் வைத்தியர் ஊசியால் புரையைக் குத்தித் தள்ளினால் உடனே பார்வை வருமாமே? இங்கே என்னோடிருக்கும் தேவதானத்து மொக்கைச்சாமி அதைக் கேட்டதும், “வேண்டாம்ணே, எங்கய்யாவுக்கு அப்படித்தான் செஞ்சாக. மூணு நாளு பளிச்சுன்னு தெரிஞ்சுது. பொறவு கண்ணே போச்சு” என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை முறைக்க உனக்கு இரண்டு கண்ணும் வேண்டும், ஏட்டி.

உன் தம்பி கிறிஸ்துராஜைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலேறி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே புரையை முறையாக அறுத்து எடுப்பார்களாம். போகிறேன் என்று ஒரு வரி எழுது. அது வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. உன் பழைய சேலையில் ஒரு துண்டும் கிழித்து அனுப்பு, என் கண் துடைக்க.

அடுப்படியில் கூப்பிடுகிறார்கள்.

உன் சத்தியநேசன்

வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள். உன் கண்ணைப் பற்றி விசாரிக்கப் போன என்னையே நோயாளி என்று நினைத்து, பட்டாள டாக்டர் என் இரண்டு கண்ணிலும் பார்வை மங்கும் மருந்து ஊற்றிவிட்டார். இன்று அறுபது பேர் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டேன். இரண்டாவது குவளை யாரும் கேட்கவில்லை.