ஒரு தடவை கழுவினால் போதும், அம்மா

என் உயிரான அம்மாவுக்கு,

உன்னிடம் ஒரு சேதி சொல்லவேண்டும். நான் ஜெயித்துவிட்டேன்.

மிராசுதார் வயலில் கூலிக்கு நின்று, சங்கத்தோடு சேர்ந்து போராடி, ஒரு ஏக்கருக்குப் பட்டா வாங்கியவள் நீ. அந்த வயலுக்கு நீ பூச்சிமருந்து தெளிப்பாய். எனக்குப் பாப்பா பிறந்ததும் அந்த விஷம் உன் கையில் ஒட்டியிருந்து குழந்தையைக் கொன்றுவிடும் என்ற எண்ணம் புகுந்தது. நீ குளித்துவிட்டு வந்தாலும் அடங்கவில்லை. தோல் உரிய உரியக் கை கழுவினேன். நீ காபி குடித்த டம்ளரைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன்.

ஒருநாள் பார்த்துவிட்டாய். "மிராசுதார் வீட்டுலதான் நான் தொட்டதக் கழுவி எடுத்தாங்க. நீயுமாடி?"

ஆனாலும் என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனது நீதான். "இதுக்குப் பேரு ஓசிடி, வேண்டாத எண்ணம் விடாமத் துரத்துற நோய். உங்க மக உங்கள அருவருக்கலம்மா, பயப்படுறாங்க" என்றார் டாக்டரம்மா. நீ என் கையைப் பிடித்தாய். அப்போதும் உதறினேனே, எப்படித் தாங்கினாய்?

பயப்படுவதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பதுதான் சிகிச்சை. மருந்தையே அல்ல, முன்பு அதை வைத்திருந்த கொட்டகையின் கதவைத் தொட்டேன், பிறகு தாழ்ப்பாளை, பிறகு நீ துவைத்து மடித்த உன் வேலைப் புடவையை.

"பயம் நூத்துக்கு எவ்வளவு?" என்று போனில் கேட்பார் டாக்டரம்மா.

"தொண்ணூறு."

"அப்படியே இருங்க. தானா இறங்கும்."

நீ "ஒண்ணும் ஆகாதுடி" என்று ஆரம்பித்தாய். அந்த ஆறுதலும் கழுவுவது மாதிரிதான், கூடாது என்றுவிட்டார் டாக்டரம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாய். பல வாரம் கழித்துத் தொண்ணூறு இருபதானது.

அன்றைக்கு நீ மீன்குழம்புச் சோறு பிசைந்து பாப்பாவுக்கு ஊட்டினாய். கை கழுவவேண்டும் போலிருந்தது. குழாய்ப் பக்கம் போகவில்லை. "எனக்கும் ஒரு வாய் குடும்மா" என்றேன். உன் கண்ணில் வந்தது அழுகையா, காரமா?

நீ கண்ணை மூடிப் போனபோது உன்னைக் குளிப்பாட்டியது என் கைதான்.

இந்தக் குறுவை அறுப்புக்கு வந்த பெண்களுக்கெல்லாம் நானே சமைத்தேன். ஒரே ஒரு தடவை கழுவிய கையோடு பரிமாறினேன். 'யாராவது செத்துட்டா?' என்று எண்ணம் வந்தது. வரட்டும் என்று அடுத்த இலைக்குப் போனேன். உன்னோடு போராட்டத்தில் நின்ற பவுனு அத்தை, "இன்னொரு கரண்டி ஊத்துடி, குழம்பு உங்கம்மாவையே மிஞ்சிருச்சு!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் சத்தமாக.

அந்த நோய் மறுபடியும் வரலாமாம்; டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். வந்தால் ஓடமாட்டேன், நின்று பார்ப்பேன். வருகிற வாரம் தாளடி நடவுக்கு நீ மருந்து தெளித்த அதே வயல் சேற்றில் முதல் ஆளாக நான் இறங்குகிறேன். இது சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்த
செல்வி