துணிக்கணக்குக்கு ஒரு வலைத்தளம்

பிப்ரவரி 3, 2007

முதலாளி சம்மதித்துவிட்டார்! ஒரு ஆர்டருக்கு எத்தனை கிலோ துணி வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் எங்கள் ‘துணிக்கணக்கு’ மென்பொருள் இனி எல்லோருக்கும் இலவசம், மூலநிரலோடு. பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நானும் வேலுமணியும் சேர்ந்து எழுதியது. தயங்கித் தயங்கித்தான் நஞ்சப்பன் ஐயாவிடம் கேட்டேன். “நாம விக்கறது பனியன் கண்ணு. இதைய ஆருக்கு வேணும்னாலும் குடு” என்றார். அவ்வளவுதான்.

இனி ஒரு வலைத்தளம் வேண்டும். ஒரு வார வேலை.

பிப்ரவரி 12

ஒரு வார வேலையாம்! எழுதியதைப் படித்து நானே சிரித்துக்கொண்டேன். வலைத்தளம் நடத்த இலவசக் கருவிகளுக்கா பஞ்சம்? ட்ரூபல், ஜூம்லா, வேர்ட்பிரஸ் என்று வேலுமணி ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தாயிற்று. ஒன்று ரொம்பப் பெரிதாம், ஒன்று ரொம்பச் சிறிதாம், ஒன்றின் நிறம் பிடிக்கவில்லையாம்.

எனக்கு விக்கி பிடித்திருக்கிறது. பயன்படுத்துகிறவர்களே பக்கங்களை எழுதலாம், திருத்தலாம். அதுதான் வேலுமணிக்குப் பயம். கண்டவர்களும் கை வைத்தால் என்ன ஆவது என்கிறார்.

பிப்ரவரி 15

வேலுமணி சொந்தமாகவே ஒரு கருவி எழுதத் தொடங்கிவிட்டார்.

பிப்ரவரி 20

அந்தக் கருவிக்குப் பெயர் வைத்தாயிற்று. சின்னமும் வரைந்தாயிற்று. தளத்தில் ஒரு பக்கம்கூட இல்லை.

பிப்ரவரி 26

பக்கத்து ஊர் நெருப்பெரிச்சலில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் கணக்கு பார்க்கும் சித்ரகலா இன்றும் போன் செய்தாள். எங்கள் கம்பெனிக்கு வெளியே துணிக்கணக்கைப் பயன்படுத்துகிற முதல் ஆள். தினமும் ஒரு சந்தேகம். “எங்காச்சும் எழுதி வெச்சீங்கன்னா நானே படிச்சுக்குவனுங்கக்கா” என்றாள். நியாயம்தானே.

டீ நேரத்தில் வேலுமணி வேறொன்று சொன்னார். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதக் கடைசியில் போகிறார். சந்தோஷம்தான், நிஜமாகவே சந்தோஷம். ஆனால் அவர் எழுதும் கருவி அவருக்கு மட்டும்தான் புரியும். அது உடைந்தால் துணிக்கணக்கும் அதோடு போச்சு — நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்?

கேட்டே விட்டேன். “நீங்க போனப்புறம் இதைய ஆருங்க பாக்கறது?”

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோபமா? கேட்டிருக்கக் கூடாதா?

மார்ச் 2

கோபமில்லை. யோசித்திருக்கிறார். விக்கியையும் தன் கருவியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, சித்ரகலாவையே இரண்டிலும் எழுதச் சொல்லிப் பார்ப்போம் என்று அவரே சொன்னார்.

மார்ச் 5

சித்ரகலா வந்தாள். விக்கியில் தன் சந்தேகங்களை எழுதப் போனவள், எதையோ அழுத்தி முகப்புப் பக்கத்தையே அழித்துவிட்டாள். பாவம், முகம் வெளுத்துப் போனது. வேலுமணி, ‘பார்த்தீர்களா’ என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் ‘வரலாறு’ என்ற இடத்தை அழுத்திப் பழைய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். எல்லாம் அப்படியே இருந்தது.

அடுத்து வேலுமணியின் கருவி. அதே கை, அதே பிழை. பக்கம் போயே போய்விட்டது. எங்கெங்கோ தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார்.

“இந்த ‘வரலாறை’யும் எழுதி முடிச்சுட்டுப் போறதுன்னா, நான் பெங்களூர் போறது அடுத்த வருசந்தானுங்க.”

சித்ரகலாவும் சிரித்தாள். முடிவாகிவிட்டது. விக்கிதான்.

மார்ச் 29

தளம் நேற்று வெளியானது. வேலுமணி இன்று ரயிலேறினார். இந்த மூன்று வாரமும் வேறு வேலையில்லாமல் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வழியனுப்ப நானும் சித்ரகலாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். அழவில்லை. கொஞ்சம்தான்.

ஜூன் 14

காலையில் தளத்தைத் திறந்தால் புதிதாக ஒரு பக்கம். முழுக்க இந்தியில். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தையல் பிரிவில் இருக்கும் பீகார்க்காரர் ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னேன். துணிக்கணக்கை நிறுவும் முறையாம். லூதியானாவில் ஸ்வெட்டர் கம்பெனி ஒன்றில் இருக்கிறவர் எழுதியிருக்கிறார். எல்லாம் தெளிவாக இருக்கிறதாம்.

பீகார்க்காரர் போன பிறகும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதன் கீழே, தமிழிலேயே, ‘நன்றி’ என்று எழுதிச் சேமித்தேன்.