வானம் இங்கயும் இருக்குது

அக்கா,

நேற்று வடலூரிலிருந்து வரும்போது பேருந்தில் என் பக்கத்தில் ஓர் அம்மா முந்திரிப்பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூடையை ஈரத்துணியால் மூடியிருந்தார். இருந்தும் மணம் பேருந்து முழுக்க ஏறிவிட்டது. “யாரும்மா அது? வண்டிக்கே போத ஏறிடும் போல இருக்குது” என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சன்னலைப் பார்த்தபடி, இந்த மணம் எதைப் போல இருக்கிறது என்று சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

இது நீங்கள் பழக்கிவிட்ட வேலை. “பழம் அனுப்பாத கண்ணு, உள்ள வுடமாட்டாங்க. வாசன எப்பிடி இருக்குதுன்னு மட்டும் எழுது. மறந்துக்கினே வருது” என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் வளர்ந்த உங்களுக்கு அதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அடித்து அடித்து எழுதி, கடைசியில், வேர்த்த சட்டைப்பையில் மிட்டாய் உருகினாற்போல என்றேன். “சரியா சொன்ன. எங்க அண்ணன் சட்டை அப்பிடித்தான் நாறும்” என்று பதில் வந்தது. எனக்குப் பரிசு கிடைத்ததுபோல் இருந்தது.

நாம் பழகியதே ஒரு வாழ்த்து அட்டையால்தான். கிறிஸ்துமஸுக்கு முன்பு, சிறைகளுக்குப் போய்வரும் சிஸ்டர் ஒருவர் எங்கள் கோவிலில் இளைஞர்களுக்கெல்லாம், கைதிகளுக்கு அனுப்ப, ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். ‘கடவுள் உங்களை நேசிக்கிறார்’ என்று எழுதி, கீழே பெயரும் கோவில் முகவரியும் போட்டுக் கொடுத்தோம். எனக்குத் தெரிந்து எனக்கு மட்டுமே பதில் வந்தது. நீல நிற இன்லண்ட் கடிதம், மூலையில் சிறை முத்திரை. “சாமி என்ன நேசிக்கிறது தெரியும். நீ யாரு? இன்னிக்கி என்ன சாப்ட? உங்க வூட்டு எதுர்ல என்ன இருக்குது?”

என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் புத்தகம் படிக்கிறவள், அதிகம் பேசாதவள். அதனால் புத்தகத்தில் வருவது போலவே மாலை, மேகம், தனிமை என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நீங்கள் விடவில்லை. “வானம் அழகா இருந்துச்சின்னு எழுதாத. வானம் இங்கயும் இருக்குது. எதுர் வூட்டுல என்னா சண்டை, அத எழுது.”

அன்றுதான் எங்கள் தெருவை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். பிறந்ததிலிருந்து இந்த நெய்வேலி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன். ஆனாலும் எதிர்வீட்டு அங்கிள் தினமும் காலையில் ஒரு பழைய ஸ்கூட்டரைச் சாய்த்து உதைக்கிறார், அது கிளம்புவதில்லை, பிறகு சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறார் என்பதையெல்லாம் நான் கவனித்ததில்லை. ரிட்டயர் ஆகப் போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். “அந்த இரும்ப வித்துட்டு வந்தாத்தான் உங்ககூட வருவேன்” என்று ஆன்ட்டி சொல்வது எங்கள் வீட்டு அடுப்படிவரை கேட்கும். கொன்னைப் பூ கொட்டிய ரோட்டைத் திட்டிக்கொண்டே பெருக்கும் அம்மாவரை எல்லாவற்றையும் எழுதினேன். கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரிக்கும் நீங்கள் ஒரு வரி ஒதுக்குவீர்கள்: “மேடம், ஸ்கூட்டர் கதை வர்ற எடத்த மட்டும் கறுப்பு மையால அடிச்சிடாதீங்க.”

பிறகு ஒரு கடிதத்தில் சிரிப்பு இல்லை. உங்களைப் பார்க்க இதுவரை ஒருவரும் வந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிறையில் பார்க்க வருவதை ‘மனு’ என்பார்கள் என்று உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். “மனு நாள்ல ஸ்பீக்கர்ல பேரு படிப்பாங்க. எல்லாரும் தலை சீவிக்கினு ஒக்காந்திருப்பாங்க. நான் அன்னிக்கித்தான் துணி தொவைப்பேன். ஒரே ஒரு தடவ என் பேரப் படிக்கணும் கண்ணு. யாரு வந்தாலும் சரி. நீ வந்தா இன்னும் சரி.”

அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, “என்ன கேஸுன்னு கேட்டியா?” என்றாள்.

“கேக்கல.”

“உனக்குத் தெரிஞ்சிக்கணும்னு இல்லையா?”

“இருக்கு. ரொம்ப இருக்கு.”

“எனக்கும்தான்” என்றாள் அம்மா. கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தபடி, “உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சிஸ்டர்கூட போயிட்டு வா” என்றாள்.

வந்தேன். அங்கே அவ்வளவு இரைச்சல் இருக்கும் என்று நீங்கள் எழுதியதே இல்லை. இரண்டு வரிசைக் கம்பிவலை. நடுவில் ஓர் ஆள் நடக்குமளவு இடைவெளி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்துகிறார்கள். தலையை அழுந்தச் சீவி, காதோரம் நரைத்து, நான் நினைத்ததைவிடக் குள்ளமாக நீங்கள் வந்து நின்றீர்கள். அத்தனை பக்கம் எழுதியிருந்தோம். “சாப்டியா?” என்றீர்கள். “சாப்டேன்” என்றேன். அவ்வளவுதான். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏதோ தப்பான ஆளைப் பார்க்க வந்துவிட்டதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போது உங்கள் பக்கத்தில் நின்று தன் மகனோடு பேசிக்கொண்டிருந்த பெண் சட்டென்று திரும்பினாள். “ஏய், இதான் நெய்வேலி பொண்ணா? அந்தாளு ஸ்கூட்டர வித்தாரா இல்லியா?”

“அத சொல்லச் சொல்லுக்கா மொதல்ல!” என்றாள் அவளுக்கு அப்பால் நின்றவள்.

வலையில் ஒட்டிய முகங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தீர்கள். “படிச்சிக் காட்டாம எப்பிடி கண்ணு? லெட்டர் வந்தாத்தான் எங்கிட்ட நாலு பேரு வந்து ஒக்காருறாங்க.”

“இன்னும் விக்கல” என்று நான் கத்தினேன். அந்த வரிசை முழுக்க ‘அய்யே’ என்றது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான்.

நேரம் முடியும்போது நீங்களாகவே சொன்னீர்கள். “நான் என்ன பண்ணேன்னு நீ ஒரு தடவகூட கேக்கல.”

“கேட்டா சொல்வீங்களா?”

“சொல்லுவேன். ஆனா அப்பறம் நீ அதயே நெனச்சிக்கினு எழுதுவ.” பெண் காவலர் உங்கள் தோளைத் தொட்டார். “போயி எழுது” என்றீர்கள்.

எழுதினேன். மழைக்காலம் வந்தது, உங்கள் நெஞ்சுச்சளியும் வந்தது. கடிதங்கள் சிறுத்தன. பிறகு சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் நீங்கள் இறந்துபோனதைச் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

போகும்போது வாசலில், “அவங்க எதுக்கு உள்ள இருந்தாங்கன்னு இப்ப சொல்லட்டுமாம்மா?” என்று கேட்டார். எனக்குள் அந்த ஆவல் செத்துவிடவில்லை, அக்கா. இன்றும் இருக்கிறது. ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி: “ஆஸ்பத்திரியில பக்கத்துல யாரு இருந்தாங்க?”

காவலுக்கு ஒரு பெண் போலீஸ் இருந்தாராம். சின்ன வயதுப் பெண். ராத்திரியெல்லாம் நீங்கள் அவரோடு பேசிக்கொண்டே இருந்தீர்களாம். எங்க தெருவுல கொன்னை பூத்தா ரோடே மஞ்சளா கெடக்கும், பெருக்குற அம்மா திட்டிக்கினே பெருக்கும் என்று. மறுநாள் அந்தப் பெண் போலீஸ் சிஸ்டரிடம், “அந்தம்மாவுக்குச் சொந்த ஊரு நெய்வேலியா?” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்க என்ன சொன்னீங்க சிஸ்டர்?”

“ஆமான்னு சொல்லிட்டேன்.”

நானும் அப்படித்தான் சொல்வேன், அக்கா, யாராவது கேட்டால்.